என்ன படிக்க வைக்கலாம், தம்பி?

ஜூன் மாதம் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு கூட்டம் வரும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனுக்காகச் சிட்டா, அடங்கல், ஆதார் நகலெடுக்க வருகிறவர்கள் ஒரு கூட்டம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருகிறவர்கள் இன்னொன்று. பாதி வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான். அப்பா கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும், மேலே மகளின் சாதிச் சான்று, அடியில் நிலத்துப் பட்டா. கடை இருப்பது மன்னார்குடிப் பக்கம். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பொறியியல் கலந்தாய்வு, கலைக் கல்லூரி, ஐடிஐ, டிஎன்பிஎஸ்சி, பாஸ்போர்ட் என்று இணையத்தில் போட வேண்டிய எல்லா விண்ணப்பமும் இங்கேதான் நடக்கிறது.

“என்ன படிக்க வைக்கலாம், தம்பி?” என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவன் என்று நினைத்துக் கேட்பதில்லை. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும், ஓடிபி வந்திருக்காது, அந்த நேரத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே. ஆனால் பல பிள்ளைகளுடைய அடுத்த நாற்பது வருஷம் ஓடிபி வருவதற்குள்தான் முடிவாகிறது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் பிள்ளை வாய் திறக்காது. பேசுவது சென்னையில் இருக்கிற மாமா. செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பார்கள். “சிஎஸ் போடுங்க, கிடைக்கலன்னா ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ் போடுங்க, சிவில் மட்டும் வேணவே வேணாம்” என்று குரல் வரும். மாமாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் படித்த வருஷத்துச் செய்தியும், அவர் அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவருடைய செய்தியும்தான். நான் படித்த காலத்தில் இதே குரல் ‘ஈசிஇ’ (எலக்ட்ரானிக்ஸ்) என்றது. அப்போது கலந்தாய்வு இணையத்தில் கிடையாது, 2018இலிருந்துதான் அது. ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எதையாவது அமுக்கிவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம்.

பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டால், என்ன ஆக வேண்டும் என்பதற்கு வருகிற பதில்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ், விஏஓ. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் ஊருக்குள் வந்தால் நாற்காலி போடப்படுகிற ஆட்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை எதுவும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. அறுவடை மெஷின் ஓட்டுபவர், அரவை மில்லில் அரிசியைத் தரம் பிரிக்கிற சார்டெக்ஸ் மெஷினைப் பார்ப்பவர், நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர், ஆற்றில் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர், இவர்களை எல்லாம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் வேலை என்று கேட்டால் நினைவுக்கு வருவதில்லை. சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளையிடம்கூட, காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசி அச்செடுத்துச் சிலை வார்ப்பதை ஒரு படிப்பாகவும் படிக்கலாம், கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரி இருக்கிறது என்று சொன்னால், “அதுல என்னண்ணே வேலை கிடைக்கும்?” என்றுதான் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியைப் பொறியியல் கல்லூரியைப் பார்த்து யாரும் கேட்பதில்லையே.

அப்புறம் பணம். இதைப் பற்றிப் பேசாமல் டெல்டாவில் படிப்பு, வேலை என்று எதைப் பற்றியும் பேச முடியாது. சம்பா, தாளடி அறுத்த காசு தை, மாசியில் கைக்கு வரும். நகையை மீட்டு, உரக்கடை பாக்கியைக் கொடுத்து, ஒரு காதுகுத்தோ கல்யாணமோ பார்த்துவிட்டால் சித்திரையில் கை காலி. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவுச் செலவு. சரியாக அந்த வாரங்களில்தான் கல்லூரியும் பணம் கட்டச் சொல்லும். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரைக்கும் திறக்கவில்லை. அந்த வருஷம் கடையில் கேள்வியே மாறிவிட்டது. எந்தப் படிப்பு என்று யாரும் கேட்கவில்லை, எந்தக் கல்லூரியில் தவணை உண்டு என்று கேட்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் சேரும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆக, இலவச பஸ் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கிறதோ அந்தக் கல்லூரி, அங்கே எந்தப் பாடத்தில் இடம் இருக்கிறதோ அந்தப் பாடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த பஸ் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருக்கும் பெண்கள் பலர் இன்றைக்கு டிகிரி முடித்திருக்கிறார்கள். ‘பிடித்ததைப் படி’ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் இந்த பஸ்ஸில் வந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றித் தெரியாமல் விடுகிற சங்கதிகளும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் வருகிற இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒரு பி.ஏ. முடித்திருந்தால் தம்பிக்கு அது கிடையாது என்பது கடைக்கு வந்த பிறகுதான் தெரியும், அதற்காக என் மேசையிலேயே சண்டை நடக்கும். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தோடு நிற்கவில்லை, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரைக்கும் வந்துவிட்டது, அதில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணம் வரைக்கும் அரசே கட்டுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. “அதெல்லாம் நீட்டுக்குத்தானே தம்பி?”

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். பையனுக்குச் சின்ன வயதிலிருந்து லீவு விட்டால் அந்தக் களம்தான் விளையாட்டு மைதானம். சிஎஸ் சேர விண்ணப்பம் போட வந்தான். சர்வர் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, “இன்னைக்கு நெல்லு பத்தொம்பதுக்கு மேல காட்டும்ண்ணே” என்றான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், அதனால் களத்தில் என்ன சண்டை நடக்கும், மூட்டை 40 கிலோ சரியாக இருக்கிறதா என்று தராசைப் பார்க்காமலே அப்பா எப்படிச் சொல்வார், சாக்கில் கையை விட்டு அள்ளிப் பல்லில் கடித்தால் எத்தனை ஈரம் என்று எப்படித் தெரியும் என்று பேசிக்கொண்டே போனான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். சிஎஸ் என்றால் என்ன படிப்பார்கள் என்று கேட்டேன். “கம்ப்யூட்டர்ண்ணே” என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை, அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை.

தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒன்றிய அரசின் தேசியக் கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1960களின் கடைசியில் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. குறுவை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு களத்திலேயே நெல் முளைத்துப் போகிறதே, அந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆராயத்தான் அதைத் தொடங்கினார்கள். அதாவது இந்தப் பையன் என் கடையில் நின்று பேசியதைத்தான் அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவன் பள்ளியில் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஆனால் அங்கே பி.டெக். சேர ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும். ஜேஇஇ ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடந்து முடிந்துவிடும். அவன் வந்தது ஜூனில்.

சிஎஸ் கிடைக்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படித்தான். இப்போது ஒரு அரவை மில்லில், வருகிற லோடில் மாதிரி எடுத்து ஈரம், குருணை, கறுப்பு எல்லாம் பார்க்கிற வேலையில் இருக்கிறான். சம்பளம் பெரிதாக இல்லை. திருப்தியாக இருக்கிறானா என்று என்னால் சொல்ல முடியாது. பார்க்கிற போதெல்லாம் மில் முதலாளியைத் திட்டுகிறான், நெல்லைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறான்.

‘உனக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடி, மற்றது தானாக வரும்’ என்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. எது பிடிக்கும் என்பது கும்பகோணத்து ராமானுஜனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கணக்குப் பித்தால்தான் மற்றப் பாடங்களில் தேறாமல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை போனது. பிறகு பல வருஷம் வேலை கேட்டு அலைந்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் திறமைக்கு ஏற்ற வேலையா என்றால் இல்லை. ஆனால் அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், இவர் எழுதுவது என்ன என்று புரிந்தவர். அலுவலகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். அடுத்த வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. குமாஸ்தா வேலை என்று பெயரை மட்டும் பார்த்தால் தப்பான வேலை. பக்கத்தில் யார் இருந்தார் என்று பார்த்தால் அதைவிடச் சரியான இடம் அன்றைக்குச் சென்னையில் அவருக்கு இருந்திருக்காது.

அதே கும்பகோணத்தில் 1925இல் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனுடைய கதை வேறு மாதிரி. அப்பா அறுவைச் சிகிச்சை மருத்துவர். மகனும் மருத்துவம் படித்து அப்பாவுடைய மருத்துவமனையைப் பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் எதிர்பார்ப்பு. 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்தது, அவர் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போனார். பிறகு குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐபிஎஸ்ஸுக்கும் தேர்வானார். அதே நேரத்தில் நெதர்லாந்தில் மரபியல் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகை வந்தது. காக்கிச் சட்டையை விட்டுவிட்டு அங்கே போனார். எங்கள் கடைத்தெருவில் ஒரு பையன் இப்படிச் செய்தால் என்ன பேச்சு எழும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. “போலீஸ் வேலைய விட்டுட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் போறானாம்” என்று டீக்கடையில் ஒரு மாதம் ஓடியிருக்கும். உண்மையிலேயே அவர் அங்கே ஆராய்ந்தது உருளைக்கிழங்கைத்தான்.

அரசு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிப்பு வருகிற நாளில் எங்கள் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் பாஸ்வேர்டு மறந்துவிடும், கொடுத்த செல்போன் எண் வெளிநாடு போன அண்ணனுடையதாக இருக்கும். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், ஆனாலும் கணக்கு அதே கணக்குதான். இதற்காக நூலகத்தில் வருஷக்கணக்காக உட்காருகிற பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். தண்ணீர் வருமா வராதா, வந்தால் கடைமடைக்கு எட்டுமா, எட்டினாலும் அறுக்கும்போது மழை விடுமா என்று மூன்று தலைமுறையாக வானத்தைப் பார்த்த வீட்டில், ஒன்றாம் தேதி தவறாமல் வருகிற சம்பளம் எப்படித் தெரியும் என்பது வெளியில் இருந்து பார்த்தால் விளங்காது. ஒன்று மட்டும் சொல்வேன். எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் முறை எழுதும்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது முறை தோற்ற பிறகு அதைப் பேச முடியாது. அப்போது பேசினால் பேச்சு தேர்வைப் பற்றி இருக்காது, ஆளைப் பற்றி இருக்கும்.

சிங்கப்பூர் தனிக் கதை. இந்தப் பக்கம் ‘டெஸ்ட் அடிப்பது’ (அங்கே வேலைக்குப் போகத் திறன் தேர்வு எழுதுவது) என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிலத்தை ஒத்தி வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டி, முதல் ஒன்றரை வருஷச் சம்பளத்தைக் கடனுக்கே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அங்கேயே தொழில் கற்று சூப்பர்வைசராகி ஊரில் மாடி கட்டியவர்களும் இருக்கிறார்கள். முதல் வகை ஆட்கள் ஊருக்கு வந்தால் அதிகம் பேசுவதில்லை. அதனால் ஊருக்குக் கேட்பதெல்லாம் இரண்டாவது வகை ஆட்களின் கதைதான்.

இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். எந்த வேலைக்குப் போக ஆசையோ, அந்த வேலையில் இருக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தார் என்று கேட்டு வரச் சொல்கிறேன். ‘உங்கள் வேலை எப்படி இருக்கும்’ என்று கேட்டால் பெருமையோ புலம்பலோதான் வரும். செவ்வாய்க்கிழமை என்று கேட்டால் பொய் சொல்ல முடியாது. விஏஓவிடம் கேட்ட பையன் வந்து, “காலையில ஒரு பொணத்துக்கு ரிப்போர்ட், மதியம் வரப்புத் தகராறு, சாயங்காலம் தாலுகா ஆபீஸ்ல மீட்டிங், ராத்திரி வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருந்தாராம்ண்ணே” என்றான். நாற்காலி எங்கே என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட பெண் ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். தமிழ்நாட்டில் அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும், ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பக்கத்து ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்தபோது டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு நாள் முழுக்கக் கூட நின்றிருக்கிறாள். கயிறு பிடித்தாள், ஊசிக் குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், ஒரு கன்றிடம் உதை வாங்கினாள். சாயங்காலம் பாவாடையெல்லாம் சாணியோடு கடைக்கு வந்து, “மாடு பரவாயில்லண்ணே. மாட்டுக்காரங்களத்தான் சமாளிக்க முடியாது போலருக்கு” என்றாள். அவள் விட்டுவிடவில்லை, விண்ணப்பம் போட்டாள். கட்-ஆஃப் எட்டவில்லை. இப்போது மீன்வளம் படிக்கிறாள். மீனுக்குச் சொந்தக்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட மாட்டார் என்பது அவள் கணக்கு. நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

என்னையும் கேட்பார்கள், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஜெராக்ஸ் கடையா என்று. சென்னையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும், நின்றால் பறக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தேன், மன்னை எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தேன், அப்படியே ஆகிவிட்டது. இங்கே வேலை என்ன? ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், சாதிச் சான்றில் அப்பா பெயரில் ஒரு ‘ன்’ குறைவு, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைப்பது. நாள் முழுக்க இதுதான். என் நண்பனை ஒரு வாரம் கடையில் உட்கார வைத்தேன், பைத்தியம் பிடித்துவிடும் என்று ஓடிவிட்டான். எனக்கு அது சலிக்கவில்லை. எந்த வேலையிலும் நாளில் முக்கால்வாசி சலிப்பான பகுதிதான். அதில் எந்தச் சலிப்பு நமக்கு உறுத்தாமல் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, மாமாவாலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ஜூனில் சொல்லிப் பயனில்லை, நவம்பரில் வாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிப் பார்த்தேன். நவம்பரில் யார் வருவார்? சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும், வடிகாலை வெட்டிவிடவே ஆள் போதாது. அதனால் நாங்களே போகிறோம். இங்கே ஒரு அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் கூட்டிப்போய் நிறுத்துவேன். பேச்சு, பொன்னாடை எதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். பட்டியல் எழுத்தர் வந்தார், தாய் சேய் நலச் செவிலியர் வந்தார், அறுவடை மெஷின் ஓட்டுபவர் வந்தார். மெஷின்காரர் தன் சம்பளத்தைச் சொன்னபோது ஆசிரியர்கள் முகம்தான் பார்க்க வேண்டியதாக இருந்தது.

கடைசியாக வந்தவர் மின்வாரிய வயர்மேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் கம்பமெல்லாம் படுத்துக் கிடந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பி இழுத்தவர். அவர் செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை, அந்தப் பதினைந்து நாளைச் சொன்னார். ஒரு பையன் எழுந்து, “பயமா இருக்காதா சார்?” என்றான். “பயத்த விடு தம்பி. லைன்ல ஏறி நிக்கிறப்ப கீழ பத்துப் பேரு ‘எங்க தெருவுக்கு எப்போ, எங்க தெருவுக்கு எப்போ’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான் பாரு, அதுக்குப் பொறுமை இருந்தா வா” என்றார்.

அடுத்த வாரம் இரண்டு பையன்கள் கடைக்கு வந்து ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவுக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். பத்தாவது போதும், அரசு ஐடிஐ என்றால் கட்டணம் இல்லை, ஆனால் பிளஸ் டூவை முடித்துவிட்டே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலமே ஒருவனுடைய அம்மா வந்துவிட்டார். “ஏந்தம்பி, எம்புள்ளய கரண்டுக் கம்பத்துல ஏத்திவிடப் பாக்குறியா?” உட்காரச் சொல்லி, வயர்மேனுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வாசலில் நின்று வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது கோபம் இறங்கியிருந்ததா என்று தெரியவில்லை. “அவரு சம்சாரத்துக்கிட்ட பேசணுமாம். நம்பர் வாங்கிக் குடு” என்றார்.